எண்ணிப் பார்த்தாயா?

கேள்வி: மேடம், நான் பி.எஸ்சி. விலங்கியல் முதலாண்டு மாணவி. பன்னிரண்டாம் வகுப்பு வரை கிராமத்துப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தேன். இப்போது ஹாஸ்டலில் இருக்கிறேன். தியரியைச் சமாளித்துவிடுகிறேன். பிராக்டிகல் என்றால்தான் வயிற்றைக் கலக்குகிறது. ஐந்து பேருக்கு ஒரு மைக்ரோஸ்கோப். என் முறை வரும்போது கறுப்பாகத் தெரியும், இல்லாவிட்டால் என் இமை முடியே தெரியும். போன வாரம் வெங்காய வேர்நுனி ஸ்லைடு போட்டோம். எனக்குத் தெரிந்தது நீள நீளமாகப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி, அவ்வளவுதான். மற்றவர்கள் செல் பிரிகிற ஒரு நிலையான அனாஃபேஸ் தெரிகிறது என்றார்கள். அதனால் புத்தகத்தைப் பார்த்து அனாஃபேஸ் படம் வரைந்துவிட்டேன். எங்கள் மேடம் அதன் குறுக்கே சிவப்பு மையில் கோடு போட்டு, 'எண்ணிப் பார்த்தாயா?' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். எதை எண்ணுவது என்று அவரிடம் கேட்கப் பயமாக இருக்கிறது. உமிழ்நீர் சோதனையில் எங்கள் குரூப்புக்கு மட்டும் கடைசிவரை நீலமாகவே இருந்தது. சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதிவிட்டோம். அடுத்து ரத்த வகை பார்ப்பது, அப்புறம் டிஸெக்‌ஷன் என்கிறார்கள். ரத்தத்தைக் கண்டாலே எனக்குத் தலை சுற்றும். படமும் வரைய வராது. கண்ணாடி வேறு போட்டிருக்கிறேன். என் கண்ணில்தான் கோளாறா? பேசாமல் பி.ஏ. தமிழுக்கு மாறிவிடலாமா?

பதில்: உன்னை 'நீ' என்றே எழுதுகிறேன் அம்மா. முப்பத்தொரு வருஷம் முதலாண்டுப் பிள்ளைகளுக்குத் தாவரவியல் பிராக்டிகல் எடுத்தவள் நான். 'நீங்கள்' என்று தொடங்கினால் எனக்குக் கை ஓடாது.

முதலில் அந்தச் சிவப்பு மையைப் பார்ப்போம். உன் மேடம் கோபத்தில் எழுதியதாக நினைக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோபம் வந்தவர்கள் கோட்டோடு நிறுத்திவிடுவார்கள். கேள்வி எழுதுகிறவர் உனக்காக ஒரு நிமிஷம் செலவழித்திருக்கிறார். உன் படத்தை எடுத்துப் பார். ஒவ்வொரு முனையிலும் எத்தனை குரோமோசோம் போட்டிருக்கிறாய்? நான்கு இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். பாடப்புத்தகங்களில் குழப்பம் இல்லாமல் புரியட்டும் என்று நான்கே நான்கு குரோமோசோம் உள்ள செல்லாகத்தான் பெரும்பாலும் வரைவார்கள். வெங்காயத்துக்கு 16. அனாஃபேஸில் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிந்து எதிரெதிர்த் திசையில் இழுபடுவதால், இந்த முனையில் 16, அந்த முனையில் 16. ஆக, நீ வரைந்தது வெங்காயமே இல்லை. உலகத்தில் எந்த வெங்காயமும் அப்படி இருக்காது. மேலே 'ஆனியன் ரூட் டிப்' என்று தலைப்புப் போட்டு, கீழே புத்தகத்தின் செல்லை ஒட்டிவிட்டாய். மேடம் அதைத்தான் கேட்டிருக்கிறார்.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உன் கடிதத்தில் போகிற போக்கில் வந்திருக்கிறது. 'நீள நீளமாகப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி.' இதைப் படித்ததும் நான் சிரித்துவிட்டேன். கேலியாக இல்லை, சந்தோஷத்தில். ஏனென்றால் நீ பார்த்தது சரி. உன் ஸ்லைடில் இருந்தது அதுதான்!

வேரின் நுனியில், கடைசி ஒன்றிரண்டு மில்லிமீட்டரில்தான் செல்கள் பிரிந்துகொண்டிருக்கும். அங்கே செல்கள் சின்னதாக, சதுரமாக, நெருக்கமாக இருக்கும். உட்கரு பெரிதாக, செல்லின் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும். அதற்குக் கொஞ்சம் மேலே போனால் பிரிவது நின்று, செல்கள் நீளத் தொடங்கிவிடும். வேர் மண்ணுக்குள் இறங்குவது அந்த நீட்சியால்தான். நீ பார்த்த நீளப் பெட்டிகள் அந்தப் பகுதியைச் சேர்ந்தவை. புள்ளி என்றாயே, அது உட்கரு. அதாவது உங்கள் குரூப்பில் யாரோ வேரை வெட்டும்போது நுனியை விட்டுவிட்டு மேல்துண்டை ஸ்லைடில் வைத்திருக்கிறார்கள். வருஷா வருஷம் நடக்கிற தப்பு இது. வேர்த்துண்டு அமிலத்திலும் சாயத்திலும் ஊறிய பிறகு இரண்டு முனையும் ஒன்றுபோலத்தான் தோன்றும். சற்று உற்றுப் பார்த்தால், கொஞ்சம் கூம்பி, சாயம் அதிகம் ஏறி அடர்ந்து தெரிவதுதான் நுனி. அதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிட வேண்டும்.

அப்படியானால் உன்னோடு அதே ஸ்லைடைப் பார்த்த மற்ற நால்வருக்கு அனாஃபேஸ் எப்படித் தெரிந்தது? தெரிந்திருக்காது. நீ என்ன செய்தாயோ அதையேதான் அவர்களும் செய்தார்கள். கடிதம் எழுதவில்லை, அவ்வளவுதான். ஐந்து பேரில் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லக்கூடியவள் நீ ஒருத்தி. ஆனால் புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை என்று அதைத் தூக்கி எறிந்துவிட்டாய். எனக்கு வருத்தம் அதில்தான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் முதலாண்டு படித்தபோது வெங்காயச் சருகுத் தோலை உரித்து, தண்ணீர் விட்டு, கவர்ஸ்லிப் போட்டுப் பார்த்தேன். நடுவில் அழகான வட்டம் ஒன்று தெரிந்தது. சுற்றிலும் தடித்த கறுப்புக் கோடு, உள்ளே பளிச்சென்று வெளிச்சம். ஆகா, செல் கிடைத்துவிட்டது என்று அதை அரைப் பக்கத்துக்கு வரைந்து, கறுப்புக் கோட்டைச் செல்சுவர் என்றும், உள்ளே தெரிந்த ஏதோ தூசியை உட்கரு என்றும் குறித்து, ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்துக் கொண்டுபோய் நீட்டினேன். எங்கள் பேராசிரியர் படத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் என் ஸ்லைடிடம் வந்து, பென்சில் முனையால் கவர்ஸ்லிப்பை லேசாகத் தட்டி, 'இப்போது பார்' என்றார். என் செல் நகர்ந்து ஓரத்துக்குப் போய்விட்டது. காற்றுக் குமிழி! வகுப்பே சிரித்தது. ஆனால் அந்தப் படத்தை அவர் அடிக்கவில்லை. பக்கத்தில் 'ஏர் பபிள், நன்றாக வரையப்பட்டுள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு குமிழி என்னை ஒருநாளும் ஏமாற்றியதில்லை.

சரி, மைக்ரோஸ்கோப்புக்கு வருவோம். கண்ணில் கோளாறு என்று நினைக்கிறாயே, அதை முதலில் தீர்த்துவிடலாம். கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டே பார்க்கலாம். ஃபோகஸைத் திருப்பும்போது அந்தக் குறை தானாகச் சரியாகிவிடும். உன் பவர் சீட்டில் 'சிலிண்டர்' என்ற கட்டத்தில் எண் ஏதாவது இருந்தால் மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே பார். ஒருவர் வைத்த ஃபோகஸ் இன்னொருவருக்கு அப்படியே பொருந்தாது என்பதும் இதனால்தான். பக்கத்தில் இருப்பவள் 'நான் வைத்துவிட்டேன், தொடாமல் பார்' என்பாள். அந்தப் பேச்சைக் கேட்காதே. உன் முறை வந்ததும் சின்னத் திருகை இப்படியும் அப்படியும் ஒரு நூல் திருப்பிப் பார்த்தால்தான் உன் கண்ணுக்குப் படம் உட்காரும்.

கறுப்பாகத் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. ஆப்ஜெக்டிவ் லென்ஸ் சரியாக 'டக்'கென்று உட்காராமல் பாதியில் நிற்கும். கீழே இருக்கிற கண்ணாடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டும் இல்லையென்றால், மேடைக்கு அடியில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற ஐரிஸ் முழுக்க மூடியிருக்கும். இமை முடி தெரிகிறதென்றால் கண் சரியான இடத்தில் இல்லை. ஐபீஸில் கண்ணை ஒட்டிவைக்காமல், சற்று எட்டத்திலிருந்து மெதுவாகக் கிட்டே கொண்டுபோ. ஓர் இடத்தில் வட்டம் முழுதாக வெளிச்சமாகத் தெரியும், அங்கே நில். இன்னொரு கண்ணை இறுக்கி மூடாதே, ஐந்து நிமிஷத்தில் தலை வலிக்கும். இரண்டையும் திறந்து வைத்துப் பழகு. வலக்கையால் வரைகிறவளாக இருந்தால் இடக்கண்ணால் பார்; வலக்கண் நோட்டைப் பார்க்கட்டும். முதல் இரண்டு வாரம் ஒன்றின் மேல் ஒன்று குழம்பும், அப்புறம் பழகிவிடும்.

எப்போதும் சின்ன லென்ஸிலிருந்து தொடங்கு. 4 எக்ஸில் பொருளைக் கண்டுபிடித்து நடுவில் கொண்டுவா, பிறகு 10 எக்ஸ், பிறகு 40 எக்ஸ். 40 எக்ஸ் போட்ட பிறகு பெரிய திருகின் பக்கமே கை போகக் கூடாது. அந்த லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் சொச்சம்தான் இடைவெளி. கொஞ்சம் அதிகம் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் அன்றைக்கு லேப் அண்ணன் முகத்தில் விழிக்க முடியாது. இன்னொன்று: 10 எக்ஸில் நன்றாகத் தெரிந்த பெர்மனென்ட் ஸ்லைடு 40 எக்ஸில் எவ்வளவு திருப்பினாலும் தெளியவில்லை என்றால், லென்ஸைத் திட்டாமல் ஸ்லைடைத் திருப்பிப் பார். பத்தில் ஐந்து தடவை கவர்ஸ்லிப் கீழ்ப்பக்கம் இருக்கும்.

ஒரு விளையாட்டு சொல்கிறேன். பழைய செய்தித்தாளில் சின்ன எழுத்தாக ஒரு 'ந' வெட்டி, ஒரு சொட்டுத் தண்ணீரில் ஸ்லைடில் ஒட்டி 4 எக்ஸில் பார். தலைகீழாகவும் இடவலம் மாறியும் தெரியும். ஸ்லைடை வலப்பக்கம் நகர்த்தினால் 'ந' இடப்பக்கம் ஓடும். அரை மணி நேரம் அதை நடுவில் நிறுத்திப் பழகிவிட்டால், பரீட்சை ஹாலில் கை தானாக எதிர்த்திசையில் போகும். அப்படியே ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை மேடையில் வைத்து 4 எக்ஸில் பார். வட்டத்தின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று எண்ணு. நம் கல்லூரி மைக்ரோஸ்கோப் பலவற்றில் நாலரை இருக்கும். அப்படியென்றால் 10 எக்ஸில் 1.8 மில்லிமீட்டர், 40 எக்ஸில் 0.45. லென்ஸ் எத்தனை மடங்கு பெரிதாக்குகிறதோ அத்தனை மடங்கு வட்டம் சுருங்கும். இப்போது 10 எக்ஸில் வெங்காயத் தோலின் செல்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஆறு அடங்குகின்றன என்று வைத்துக்கொள். ஒரு செல்லின் நீளம் 0.3 மில்லிமீட்டர், அதாவது 300 மைக்ரோமீட்டர். ஸ்கேலும் பெருக்கல் வகுத்தலும் போதும், கண்ணுக்குத் தெரியாததை அளந்துவிட்டாய். ரெக்கார்டில் எல்லாரும் படத்துக்குக் கீழே '400 எக்ஸ்' என்று எழுதிவைப்பார்களே, அது லென்ஸின் கணக்கு, உன் படத்தின் கணக்கு இல்லை. உன் படம் எவ்வளவு பெரிது என்பது உன் பென்சிலைப் பொறுத்தது. இதை நான் முப்பது வருஷமாகச் சொல்லி வருகிறேன், ஒருவரும் கேட்டபாடில்லை. நீயாவது கேள்.

வரைய வராது என்கிறாய். நல்லது. நன்றாக வரையத் தெரிந்த பிள்ளைகளிடம்தான் எனக்குப் பயம். நிழல் கொடுப்பார்கள், பூவுக்குப் பளபளப்பு ஏற்றுவார்கள், ரங்கோலி மாதிரி வண்ணம் தீட்டுவார்கள். பிராக்டிகல் படம் ஓவியம் இல்லை. கூராகச் சீவிய ஹெச்பி பென்சில், ஒரே தடவையில் இழுத்த மெல்லிய கோடு, நிழல் கிடையாது, பேர் எழுதும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல் ஒரே பக்கமாக. அவ்வளவு போதும். வரையும்போது செய்ய வேண்டியது ஒன்றே: ஒவ்வொரு கோடும் போடுவதற்கு முன் ஒரு தடவை ஐபீஸில் பார்ப்பது. கோணலான செல் கோணலாகவே வரட்டும். கிழிந்த செக்‌ஷன் கிழிந்தே இருக்கட்டும். உண்மையான வெங்காய ஸ்லைடில் 16 குரோமோசோமையும் தனித்தனியாக எண்ணுவது எங்களுக்கே கஷ்டம். தலைமுடி உருட்டிப் போட்டது மாதிரி இரண்டு கொத்தாகத்தான் தெரியும். அந்தக் கொத்தையே வரைந்து, 'குரோமோசோம்கள் தனித்தனியாகப் பிரித்தறிய இயலவில்லை' என்று ஒரு வரி எழுதினால் பரீட்சைக்கு வெளியிலிருந்து வருகிற எந்த எக்ஸ்டர்னலும் உன்னை நிமிர்ந்து பார்ப்பார்.

இன்னொன்றையும் எதிர்பார்த்துப் போ. அடுத்த தடவை சரியான நுனியை வைத்தாலும் வட்டம் நிறைய அனாஃபேஸ் தெரியாது. தெரிகிற செல்களில் பெரும்பாலானவை பிரியாமல் இன்டர்ஃபேஸில்தான் இருக்கும். பிரிகிற செல்களிலும் தொடக்க நிலையான புரோஃபேஸ்தான் அதிகம், அனாஃபேஸ் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேட வேண்டியிருக்கும். ஏன் அப்படி? ஒரு செல் எந்த நிலையில் அதிக நேரம் தங்குகிறதோ, அந்த நிலையில்தான் நாம் அதை அதிகம் பிடிப்போம். பஸ் ஸ்டாண்டில் போட்டோ எடுத்தால் நிற்கிறவர்கள்தான் அதிகம் விழுவார்கள், ஓடி ஏறுகிறவர் ஒருத்தரோ இருவரோ, அது மாதிரி. நூறு செல்லை எண்ணி எத்தனை எந்த நிலையில் என்று குறித்தால், எந்த நிலைக்கு எவ்வளவு நேரம் என்று செத்துப்போன ஸ்லைடை வைத்தே கணக்குப் போடலாம். 'எண்ணிப் பார்த்தாயா' என்ற கேள்விக்கு இதுவும் ஒரு பதில்.

உமிழ்நீர்ச் சோதனைக்கு வருகிறேன். மாவுக் கரைசலில் உமிழ்நீரைக் கலந்து 37 டிகிரித் தண்ணீரில் வைத்து, நிமிஷத்துக்கு ஒரு சொட்டு எடுத்து வெள்ளை ஓட்டில் இருக்கிற அயோடினில் விடுவீர்கள். நீலக்கறுப்பு மெல்லப் பழுப்பாகி, கடைசியில் அயோடினின் சொந்த நிறமே மிஞ்ச வேண்டும். உங்களுக்குக் கடைசிவரை நீலம். அன்றைக்கு மாவுக் கரைசலைக் காய்ச்சியது யார், எவ்வளவு நேரம் ஆறவிட்டார்கள் என்று நினைவுபடுத்திப் பார். கொதிக்க வைத்த கரைசல் சூடாக இருக்கும்போதே அவசரத்தில் உமிழ்நீரை ஊற்றினால், அதில் மாவைச் செரிக்கிற நொதியான அமைலேஸ் அங்கேயே வெந்துபோகும். நான் பார்த்த வரையில் நிறம் மாறாத குழாய்களில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான். மாவு அதிகமாகிப்போனாலும், வாயைக் கொப்பளித்துவிட்டுத் துப்பியது வெறும் தண்ணீராகவே இருந்தாலும் இப்படி ஆகலாம்.

சீனியரின் எண்ணை எழுதியது ஏன் அபத்தம் என்றும் சொல்கிறேன். ஒழுக்கப் பாடம் எடுக்கவில்லை, உயிரியலையே சொல்கிறேன். உமிழ்நீர் அமைலேஸை உண்டாக்கும் மரபணுவின் பிரதிகள் எல்லாருக்கும் ஒரே எண்ணிக்கையில் இருப்பதில்லை. சிலருக்கு இரண்டு மூன்று, சிலருக்குப் பத்துக்கு மேலும் உண்டு. பிரதி அதிகம் உள்ளவர்களின் உமிழ்நீரில் பொதுவாக அமைலேஸும் அதிகம். உன் சீனியருக்கு ஏழு நிமிஷத்தில் முடிந்தது உனக்கு நான்கில் முடியலாம், பன்னிரண்டாகவும் ஆகலாம். இன்னொருத்தியின் எச்சில் கணக்கை உன் பெயரில் எழுதிவைத்திருக்கிறாய். நினைத்துப் பார்த்தால் உனக்கே ஒரு மாதிரி இருக்கும்.

அந்தப் பக்கத்தில் இப்போதும் எழுதலாம். 'எங்கள் குழாயில் 20 நிமிடம் வரை நிறம் மாறவில்லை. கரைசல் சூடாக இருந்திருக்கலாம்' என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டி, அதையும் மேடத்திடம் காட்டு. முடிந்தால் இரண்டு குழாய் வைத்துத் திரும்பச் செய்யவும் அனுமதி கேள்: ஒன்றில் ஆறிய கரைசல், இன்னொன்றில் கொதிக்கக் கொதிக்க. தோற்றுப்போன சோதனை அப்படியே நல்ல சோதனையாகிவிடும்.

இனி ரத்தம். ஒரு சொட்டு வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் உனக்குத் தலை சுற்றும் என்றால் அதை முன்கூட்டியே மேடத்திடம் சொல்லிவிடு. இதற்காக உன்னை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. குரூப்பில் விருப்பமுள்ள ஒருவரின் விரலில் எடுத்தாலே எல்லாரும் பார்க்கலாம். நீயே கொடுப்பதாக இருந்தால் காலையில் சாப்பிட்டுவிட்டுப் போ, நின்றுகொண்டு குத்தவிடாதே, உட்கார்ந்துகொள். விரலில் குத்துகிற லேன்செட் ஊசி உன் கண்முன்னால் உறை பிரிக்கப்பட வேண்டும். ஒருவருக்குக் குத்தியதை இன்னொருவருக்குப் பயன்படுத்துவதைப் பார்த்தால், எழுந்து 'வேண்டாம்' என்று சொல். இதில் மட்டும் கூச்சம் பார்க்காதே. மற்றபடி அது பார்க்க அழகான சோதனை. நீல நிற மருந்து ஆன்டி-ஏ, மஞ்சள் ஆன்டி-பி. ஒரு சொட்டு ரத்தத்தோடு குச்சியால் கலக்கி ஸ்லைடை மெல்ல ஆட்டினால், பால் திரிகிற மாதிரி ரத்தம் திரிதிரியாகப் பிரியும், இல்லாவிட்டால் அப்படியே இருக்கும். 1901இல் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் ரத்தத்தை வகை பிரித்துச் சொன்னதும் இந்தத் திரிதலைப் பார்த்துத்தான். அதற்கு முன்னால் ரத்தம் ஏற்றினால் ஒருவர் பிழைப்பார், இன்னொருவர் சாவார். ஏனென்று யாருக்கும் தெரியாது.

டிஸெக்‌ஷன் பற்றிய பயத்தை யாரோ சீனியர் கிளப்பிவிட்டிருக்கிறார். நான் படித்த காலத்தில் தவளையை மெழுகுத் தட்டில் குண்டூசி அடித்து வைப்பார்கள். ஃபார்மலின் நெடி மறுநாள் சாப்பாடு வரைக்கும் கூட வரும். அந்தக் காலம் போய்விட்டது. பல்கலைக்கழக மானியக் குழு 2011இல் கல்லூரிகளில் விலங்குகளை அறுப்பதைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது. 2014இல் நிறுத்தவே சொல்லிவிட்டது. இப்போது கணினியிலும் மாதிரிகளிலும் பார்க்கிறீர்கள். உன் கைக்கு வருவது மிஞ்சிப்போனால் மீன் செதில், மார்க்கெட்டில் வாங்கிய இறால். இறாலின் இணையுறுப்புகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து வரிசையாக ஒட்டச் சொல்வார்கள். மொத்தம் 19 ஜோடி: தலையில் ஐந்து, மார்பில் எட்டு, வயிற்றில் ஆறு. உன் அம்மா சமையலறையில் இரண்டு நொடியில் உருவிப் போடுவதை நீ இரண்டு மணி நேரம் உட்கார்ந்து செய்யப்போகிறாய். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது கால் கிலோ வாங்கி வீட்டிலேயே எண்ணிப் பழகு. குழம்பும் ஆச்சு.

ஐந்து பேருக்கு ஒரு மைக்ரோஸ்கோப் என்பது நியாயமே இல்லை, ஆனால் அதுதான் நிலவரம். என் அனுபவத்தில் இதற்கு வழி லேப் அண்ணனிடம் இருக்கிறது. எனக்கு செக்‌ஷன் போட, அதாவது தண்டை மெல்லியதாகச் சீவ, கற்றுக்கொடுத்தது எங்கள் பேராசிரியர் இல்லை, லேபில் அட்டெண்டராக இருந்த ஒரு பெரியவர். தண்டை இடக்கையில் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, பிளேடைத் தண்ணீரில் நனைத்து, ரம்பம் மாதிரி அறுக்காமல் உன்னை நோக்கிச் சாய்வாக ஒரே இழுப்பு. இருபது இழுத்தால் ஒன்று தேறும். முழு வட்டமாக வந்ததைத்தான் எல்லாரும் எடுப்பார்கள். அவர் தேர்ந்தெடுத்தது கால் வட்டமாக ஓரம் மட்டும் கண்ணாடி மாதிரி மெலிந்திருந்த ஒன்றை. 'தடியான முழுசைவிட மெலிசான துண்டு மேல், பாப்பா' என்றார். சாஃப்ரனின் சாயத்தில் போட்டு எடுத்தபோது அந்த ஓரத்தில் தண்ணீர் கடத்துகிற சைலக் குழாய்கள் மட்டும் மாதுளை முத்து மாதிரி சிவந்து நின்றன. உன் லேபிலும் இப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். பிராக்டிகலுக்குக் கால் மணி முன்னால் போ. அவர் மைக்ரோஸ்கோப்பை எடுத்து வைக்கும்போது கூட நின்று உதவி செய். அந்தக் கால் மணி உனக்கு மட்டும் சொந்தம். குரூப்பிலும் பேர் எழுதுவது, கழுவுவது என்று ஒதுங்கிப் போகாதே. ஒரு வாரம் ஸ்லைடு போடுவது நான்தான் என்று கேட்டு வாங்கு.

தமிழ்வழியில் படித்ததை ஒரு குறையாக எழுதியிருக்கிறாய். லேபில் அது குறையே இல்லை. இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்கு 'ஸ்டோமேட்டா' வெறும் ஒரு சத்தம். உனக்கு அது இலைத்துளை. பார்க்கும் முன்பே அது ஒரு துளை என்று தெரியும். கிரேக்கத்தில் 'ஸ்டோமா' என்றால் வாய் என்று அதன் பக்கத்தில் எழுதிக்கொண்டால் இரண்டும் மறக்காது. 'எபிடெர்மிஸ்' என்பதும் மேல்தோல்தான். உன் பள்ளிப் புத்தகம் புறத்தோல் என்றது. ஒரு நோட்டில் இப்படி இரண்டு பத்தியாக எழுதி வா. வைவாவில் இங்கிலீஷ் திக்கினால், 'சார், தமிழில் சொல்லட்டுமா?' என்று கேள். நான் எக்ஸ்டர்னலாகப் போன எந்தக் கல்லூரியிலும் மறுத்ததில்லை; மறுத்த எக்ஸ்டர்னலைப் பார்த்ததும் குறைவு.

பி.ஏ. தமிழ் நல்ல படிப்பு. அதற்குப் பிடித்துப் போகிறவர்கள் போக வேண்டும், மைக்ரோஸ்கோப்புக்குப் பயந்து போகக் கூடாது. இந்த செமஸ்டரின் பிராக்டிகல் பரீட்சை முடியட்டும். அப்புறமும் தோன்றினால் எழுது, அப்போது பேசலாம்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது ஒன்று. மெஸ் அக்காவிடம் நாலைந்து சின்ன வெங்காயம் கேட்டு வாங்கு. அதற்கும் 16 குரோமோசோம்தான், பெரிய வெங்காயத்தின் சொந்தம்தானே. அடியில் காய்ந்து கிடக்கிற பழைய வேர்களை மட்டும் பிளேடால் சுரண்டு, வெங்காயத்தின் அடித்தட்டு வெட்டுப்படாமல். வாயகலம் குறைந்த சின்ன பாட்டிலில் தண்ணீர் நிரப்பி அதன் வாயில் உட்கார வை. ஞாயிற்றுக்கிழமை வைத்தால் புதன், வியாழனில் வெள்ளை வேர் விரல்நகம் நீளத்துக்கு வந்திருக்கும். காலையில் எடுத்துக்கொண்டு போய், சிவப்பு மை போட்ட அந்தப் பக்கத்தையும் காட்டி, 'மேடம், இன்னொரு தடவை போட்டு எண்ணிப் பார்க்கிறேன்' என்று சொல். தண்ணீரை மட்டும் தினமும் மாற்று. வெங்காயத்தின் அடித்தட்டு தண்ணீரைத் தொட்டால் போதும், முழுக்க முங்கினால் அழுகிவிடும். அந்த நாற்றத்துக்கு ரூம்மேட்கள் வெங்காயத்தோடு உன்னையும் சேர்த்து வெளியே வைத்துவிடுவார்கள்.